முனீஸ்வரனுக்குக் கொடுத்த கியூபா சுருட்டு

ஒரு தொழிலில் சேர்ந்து ஆறு மாதம் ஆனவனுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் கிடையாது. இருபது வருஷம் ஆனவனைக் கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவான். நான் இப்போது தலையைச் சொறிகிற கட்டத்தில் இருக்கிறேன். சுருட்டு விற்பது என் பிழைப்பு. 2006 மாசியில், புதுச்சேரியில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்துச் சுருட்டுக் கடையில் நான் சேர்ந்து சரியாக ஆறு மாதம். அதாவது, ஞானம் உச்சத்தில் இருந்த நேரம்.

அந்தத் தொழில் மேல் எனக்கு அப்படியொரு வெறி. பிரம்மதேசம் கிராமத்தில் நெல்லும் மல்லாட்டையும் போடுகிற வீட்டில் பிறந்தவன், சுருட்டை மூக்குக்குக் கீழே உருட்டி, கண்ணை மூடி, "ஈரமண் வாசனை, பின்னால கொஞ்சம் கொக்கோ" என்பேன். (கொக்கோவை அதுவரை கண்ணால்கூடப் பார்த்ததில்லை.) சுருட்டு வைக்கும் மரப்பெட்டியில் ஈரம் சரியாக இருக்கிறதா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திறந்து பார்ப்பேன். "நீ தொறந்து தொறந்து பாக்கறதாலதான்டா காயுது" என்று முதலாளி திட்டுவார்.

புதிதாகப் பிடிக்க வருகிறவர்களுக்கு இலவசப் பிரசங்கம் வேறு. "சார், புகையை நெஞ்சுக்குள்ள இழுக்காதீங்க. வாயிலயே வெச்சிருந்து வுட்டுடுங்க. நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டா தலை சுத்தும். முக்கியமா வெறும் வயித்துல தொடவே தொடாதீங்க." எல்லாம் நல்ல அறிவுரைதான், இன்றும் அதையேதான் சொல்கிறேன். ஒரே ஒரு குறை, அன்றைக்கு நான் வாழ்க்கையில் ஒரு சுருட்டுகூடப் பிடித்ததில்லை. அத்தனையும் முதலாளி வாயிலிருந்து பொறுக்கியது.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கும் கோதண்டம் என்பவரின் மகள் அமுதா. காப்பி கொடுத்த கையோடு, பெரியவர்கள் எல்லோர் முன்னாலும், "சுருட்டுல அப்படி இன்னாங்க இருக்குது?" என்று என்னைக் கேட்டாள். விடுவேனா? கால் மணி நேரம் பேசினேன். என் காப்பியில் ஆடை கட்டியது. என் அப்பா தரையைப் பார்த்தார், கோதண்டம் நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவள் மட்டும் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். கட்டினால் இவளைத்தான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கோதண்டம்தான் இழுத்தடித்தார். "பையன் நல்லாத்தான் பேசறாரு. சுருட்டு விக்கிறவருக்குப் பொண்ணு குடுக்கறதுன்னா கொஞ்சம் யோசனையா இருக்குது. மொத உப்பு வார்ற அன்னிக்கு வாங்க தம்பி, சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

சாமி என்றால் உப்பள வரப்பில் பெரிய மீசையோடு உட்கார்ந்திருக்கும் முனீஸ்வரன். முதல் உப்பு வாருகிற நாளில் அவருக்குப் படையல் போட்டு, வாயில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைப்பார்கள். அது நிற்காமல் அடிவரை எரிந்தால் சாமிக்குச் சம்மதம். பாதியில் அணைந்தால் கேட்ட காரியம் நடக்காது. சுனாமியில் பாத்தியெல்லாம் சேறாகி முந்தைய வருஷ உப்பே இல்லாமல் போயிருந்ததால், இந்த முறை எதிலும் குறை வரக்கூடாது என்று கோதண்டம் கவனமாக இருந்தார்.

என் கல்யாணமே ஒரு சுருட்டின் மேல் நிற்கிறது. அதைப் போய்ப் பெட்டிக்கடையில் வாங்குவதா? என் ஞானத்துக்கே அவமானம் இல்லையா? முதலாளியிடம் கெஞ்சி, கட்டைவிரல் தடிமனில் ஒரு கியூபா சுருட்டை வாங்கி, ஈரம் போகாமல் ஈரத்துணி சுற்றிய டப்பாவில் வைத்துக் கொண்டுபோனேன்.

"பொட்டிக்கடை சுருட்டே போதுமே தம்பி" என்றார் கோதண்டம்.

"சாமிக்கு முன்ன பின்ன தெரியாத ருசிங்க இது" என்றேன். (முன்ன பின்ன தெரியாதவன் நான்தான் என்பது அப்போது தெரியவில்லை.)

காலை பத்து மணி. படையல் முடியும்வரை யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது வழக்கம். வாரி வைத்த முதல் உப்புக் குவியலுக்குப் பூ வைத்திருந்தார்கள். சூலத்தின் மூன்று முனையிலும் எலுமிச்சம்பழம். பூசாரி ஏழுமலை என் சுருட்டைச் சாமி வாயில் வைத்துப் பற்றவைத்தார். அரை நிமிஷத்தில் அணைந்தது.

"காத்துங்க" என்று மறுபடி பற்றவைத்தார். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை அணைந்தபோது உப்பு வாரும் பெண்கள் தங்களுக்குள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கோதண்டம் என்னைப் பார்த்த பார்வையில் கல்யாணமும் இல்லை, உப்பும் இல்லை.

எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். பெட்டிக்கடைச் சுருட்டு காய்ந்தது, தானாக எரியும். தடித்த, ஈரம் காத்த சுருட்டை யாராவது இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நின்றுவிடும். மண்சாமி எப்படி இழுப்பார்? இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், நேராகப் போய்ச் சாமி வாயிலிருந்த சுருட்டைப் பிடுங்கி, என் வாயில் வைத்து இழுத்தேன்.

பதற்றத்தில் நெஞ்சுக்குள் இழுத்தேன். நிமிஷத்துக்கு ஒன்று என்பதெல்லாம் மறந்து மூச்சுக்கு ஒன்று இழுத்தேன். முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு வயிற்றில் ஒன்றுமில்லை. சுருட்டு ஜம்மென்று பிடித்துக்கொண்டது. பெருமையோடு திரும்பினேன். வெள்ளைப் பாத்தியெல்லாம் எழுந்து சுற்றியது. கை கால் உதற, வேர்வை கொட்ட, விழாமல் இருக்கச் சூலத்தைப் பிடித்துக்கொண்டேன்.

எச்சில் பண்ணிவிட்டான் என்று அடிக்க வந்த பூசாரி அப்படியே நின்றார். "சாமி வந்துடுச்சு" என்றது ஒரு பெண் குரல். பம்பைக்காரர் பம்பையை முழக்க ஆரம்பித்தார். ஏழுமலை என் நெற்றியில் விபூதியை அப்பி, "புடிங்க சாமி, நல்லா புடிங்க" என்று சுருட்டை மறுபடி என் வாயிலேயே திணித்தார். வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை, அதனால் அதையும் இழுத்துத் தொலைத்தேன்.

கோதண்டம் கைகூப்பி முன்னால் வந்தார். "சாமி, எம்பொண்ண இந்தப் பையனுக்குக் குடுக்கலாமா?"

இப்படியொரு சந்தர்ப்பம் எந்த மாப்பிள்ளைக்குக் கிடைக்கும்? 'குடு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வார்த்தை இல்லை. பூ வைத்த முதல் உப்புக் குவியலின் மேல், மஞ்சள் மஞ்சளாக, முழுக்கப் பித்தம்.

பம்பை நின்றது. பூசாரி குவியலைப் பார்த்துவிட்டு, "சாமி வேணாங்குது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் சாமி அழுவதாகத்தான் நினைத்தார்கள்.

அப்போது அமுதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். சூலத்திலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, பல்லால் கடித்து, என் தாடையைப் பிடித்து வாய்க்குள் பிழிந்தாள்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. வெறும் வயித்துல சுருட்டு புடிச்சா தலை சுத்தும்னு இவரே அன்னிக்கு நம்ம வூட்ல சொன்னாரு. நீதான் தூங்கிட்ட."

"அது சாமி பழம்மா" என்றார் பூசாரி, பரிதாபமாக.

"அதான் அவருகிட்ட இன்னும் ரெண்டு இருக்குதே" என்றாள்.

கோதண்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சுருட்டை இழுத்தபோது சுற்றியதைவிட அந்தப் பார்வையில்தான் எனக்குத் தலை அதிகம் சுற்றியது. கடைசியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாமி வாயில இருந்து புடுங்கனவன் ஒருத்தன். சாமி சூலத்துல இருந்து புடுங்கனவ ஒருத்தி. இதுங்கள வேற வேற வூட்ல குடுத்து ரெண்டு குடும்பத்தை ஏன் கெடுக்கணும்? ஒண்ணாவே கட்டி வெச்சிடலாம்."

குவியலை அப்புறப்படுத்தி, வேறு உப்பு வாரி, பெட்டிக்கடைச் சுருட்டு ஒன்றை வைத்தார்கள். அது கடற்காற்றில் பத்தே நிமிஷத்தில் அடிவரை எரிந்து முடிந்தது. வைகாசியில் எங்களுக்குக் கல்யாணம்.

இன்றும் முதல் உப்பு வாருகிற நாளில் அத்தனை பேரும் வெறும் வயிற்றோடுதான் நிற்பார்கள், என்னைத் தவிர. "மாப்ள சாப்ட்டாராப்பா?" என்று கேட்காமல் பூசாரி தீப்பெட்டியைத் தொடமாட்டார். மாமியார் தூக்குப் பாத்திரத்தைத் திறப்பார். ஊர் பார்க்க, சாமி பார்க்க, வரப்பில் உட்கார்ந்து இட்லி தின்பேன். போன வருஷம் மூன்றோடு போதும் என்று கையை எடுத்தேன். மாமனார் விடவில்லை.

"இன்னும் ஒண்ணு துண்ணுங்க மாப்ள. உப்பு வெள்ளையா இருந்தாத்தான் வெல போவும்."