பாஸ்போர்ட்டில் இருப்பது நான்தான்

நரைப்பதைப் பற்றி ஆண்கள் கவலைப்படுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாங்கள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கவலைப்படுகிறோம்.

மலேசியாவில், செனாய் ஊர்த் தொழிற்சாலையில் ஆட்களைக் குறைத்தபோது முதலில் குறைந்தவன் நான். சில மாதங்கள் வீட்டில் இருந்த பிறகு, சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் மேற்பார்வையாளர் வேலைக்கு நேர்முகத் தேர்வு கிடைத்தது. திங்கட்கிழமை காலை. நரைத்த தலையோடு போனால் ஓய்வுபெற வந்தவன் என்று நினைத்துவிடுவார்களே! சனிக்கிழமை மாலையே தலைக்கு அடிக்கும் டை பாக்கெட்டைப் பிரித்தேன்.

"ஏங்க, காதுக்குப் பின்னால கொஞ்சம் தடவிப் பாத்துட்டு அடிங்க. பாக்கெட்லயே போட்டிருக்கான்" என்றாள் என் மனைவி செல்வி.

"வருசக்கணக்கா அடிக்கிறேன், ஒண்ணும் ஆகல லா." (அறிவாளி பேசுகிறார், கவனியுங்கள்.)

ஞாயிற்றுக்கிழமை தலை அரித்தது. பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமை கண்ணாடியில் வேறு யாரோ நின்றார்கள். நெற்றி புடைத்திருந்தது. கண்கள் இரண்டு கோடுகள். காதுகள் பூரி.

"அலமாக்! கிளினிக் போலாம்" என்றாள் செல்வி. இண்டர்வியூ முடித்துவிட்டுத்தான் போவேன் என்று கிளம்பினேன். கூட்டமான பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை மட்டும் கடைசிவரை காலியாகவே வந்தது.

சிங்கப்பூர் எல்லைச் சோதனைச் சாவடியில் முகம் பார்க்கும் இயந்திரம் கண்களைத் திறக்கச் சொன்னது. திறந்துதான் வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஓர் இளம் தமிழ்ப் பெண் அதிகாரி என்னைத் தனியாக அழைத்துப்போய் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்.

"அங்கிள், இது யாரு?"

"நான்தான்மா."

"அப்ப இது?"

"இதுவும் நான்தான்."

கைரேகை என்னைக் காப்பாற்றியது. ஆனால் அவர் விடவில்லை. குளிர்ந்த தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துக் கண்ணில் ஒத்திக்கொள்ளச் சொன்னார். "மூச்சு விட முடியுதா அங்கிள்? உள்ள விடலாம், ஆனா நீங்க மொதல்ல டாக்டரைப் பாருங்க. வேலைக்கு நீங்க இருக்கணும்ல?"

அத்தனை நாள் அடக்கி வைத்திருந்த அழுகை அங்கேதான் வந்தது. (அந்தக் கண்ணில் அது எந்த வழியாக வந்ததோ!) கம்பெனிக்கு அவரே போன் போடச் சொன்னார். பரவாயில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் செல்வி என்னை நேராகக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

"இத்தனை வருசம் ஒண்ணும் ஆகலையே டாக்டர்?"

"அதான் விசயமே" என்றார் டாக்டரம்மா. "கிருமியோட சண்டை போட வேண்டிய செல்லுங்க, ஒரு கட்டத்துல அந்தச் சாயத்தையும் எதிரின்னு முடிவு பண்ணிடும். முடிவு பண்ணிட்டா மறக்காது. அடுத்த தடவை அடிச்ச ஒண்ணு ரெண்டு நாள்ல மொத்தப் படையும் அங்க ஓடும். இந்த வீக்கம் அந்தச் சண்டைதான். இனிமே தொடாதீங்க, அடுத்தது இதைவிட மோசமா இருக்கும்."

புண்ணான தலையில் முடியை வைத்திருக்க முடியவில்லை. மழித்துவிட்டேன். அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு நடத்தியவர் என் மொட்டையைப் பார்த்து, "முருகனுக்கு வேண்டுதலா?" என்று பயபக்தியோடு கேட்டார். ஒரு மாதிரி தலையசைத்தேன். வேலை கிடைத்தது.

அன்றிலிருந்து வீட்டில் யாருடைய கைப்பேசியாவது முகத்தைப் பார்த்துத் திறக்க மறுத்தால், "டை அடிச்சியா?" என்பதுதான் முதல் கேள்வி. போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு முழு ஒப்பனையோடு கிளம்பிய செல்வி, திறக்காத கைப்பேசியை என்னிடமே நீட்டி முறையிட்டாள்:

"ஏங்க, நான் டை அடிக்கவே இல்லையே!"