நிரூபண மண்டபத்தின் காவலர்கள்

வெண்குடை நாட்டில் இளைஞர்கள் நீலத்தூளை மூக்கில் இழுத்தார்கள். இழுத்த பிறகு ஒருவரையொருவர் கத்தியால் குத்திக்கொண்டார்கள். மற்றபடி நாடு செழிப்பாக இருந்தது என்று அரண்மனைக் குறிப்புகள் சொல்கின்றன.

அரசர் ஒரு சட்டம் போட்டார்: இளைஞர்களைத் திருத்த இனி நிரூபிக்கப்பட்ட திட்டங்கள் மட்டுமே ஏற்கப்படும். அதற்காகத் தலைநகரில் நிரூபண மண்டபம் எழும்பியது. யானை மேல் யானை நின்றாலும் தலை இடிக்காத கதவு. உள்ளே போகிறவர்கள் செருப்போடு பேச்சையும் வாசலிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

செண்பகவல்லி அந்த மண்டபத்தின் தேடல் அதிகாரி. பலிக்கிற திட்டத்தை ஊர் ஊராகப் போய்க் கண்டுபிடிப்பது வேலை. அவள் மகன் பரிதியின் மூக்கு நுனியில் நீலம் ஒட்டியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். தலையணைக்கடியில் கத்தி இருந்ததும் தெரியும்.

"எங்கேடா கிளம்பிட்ட?"

"உன் மண்டபத்துக்குத்தான். என்னைத் திருத்துற திட்டம் வந்து சேர்ந்துச்சான்னு பார்க்க."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

ஆத்திமலை என்ற மலையூரில் அது கிடைத்தது. அங்கே மீசை அரும்பும் வயதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறொரு வீட்டை ஒதுக்குவார்கள். இரவுச் சாப்பாடு அந்த வீட்டில்தான். பிள்ளை வந்து உட்காராமல் அங்கே யாரும் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். அவள் போன அன்று ஒருவன் வரவில்லை. அவனுக்கு ஒதுக்கிய வீட்டுக்காரி மாரக்காள் குடும்பத்தோடு தெருவில் இறங்கினாள். பக்கத்து வீடுகளும் இறங்கின. மலைச்சரிவு முழுக்க அவன் பெயர் ஒலித்தது. ஓடைக்கரையில் கூட்டாளிகளோடு உட்கார்ந்திருந்தான்.

"எழுந்திருடா எருமை, பசியில உயிர் போகுது. சாப்பிட்டுட்டு உன் சண்டையை வெச்சுக்க!" என்று மாரக்காள் கத்தினாள்.

எழுந்து வந்தான். கையில் இருந்த பொட்டலம் எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை.

"உங்க சொந்தக்காரப் பையனா?" என்றாள் செண்பகவல்லி.

"இவனா? இவங்கப்பனுக்கும் எங்களுக்கும் பேச்சே கிடையாது தாயி."

செண்பகவல்லிக்கு உடம்பு சிலிர்த்தது. மண்டபத்தின் கூரையை முதன்முதலில் அண்ணாந்து பார்த்தபோதுகூட அப்படிச் சிலிர்க்கவில்லை. அந்த ஊரில் கத்தி காய்கறி மட்டும்தான் நறுக்கியது.

நிரூபண அமைச்சர் மாமதியார் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். "பலிப்பது வேறு, நிரூபணம் வேறு, அம்மையாரே. கூப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது பார்த்தார்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. எனவே பாதிப் பிள்ளைகளைக் கூப்பிடக் கூடாது என்று ஆணை போனது. மீறிக் கத்திய மாரக்காளின் வாயைத் துணியால் கட்டினார்கள். அடுத்த அறுவடைக்குள் கூப்பிடாத பிள்ளைகளின் மூக்கு நீலமானது. ஓடைக்கரையில் இரண்டு பிணம் விழுந்தது. அமைச்சர் கண் கலங்கினார்.

"இவ்வளவு தெளிவான நிரூபணத்தை என் வாழ்நாளில் கண்டதில்லை!"

"அப்படியென்றால் எங்கள் தெருவில் தொடங்கலாமா, ஐயா?"

"தொடங்குவதா? எவனாவது ஒருவன் சோற்றுக்கு வராமல் போனால் நிரூபணம் என்னாவது?"

மாரக்காளின் சோற்றுப்பானையும் அகப்பையும் தட்டுகளும் கண்ணாடிப் பேழைக்குள் போயின. நிரூபணம் கெட்டுவிடாதிருக்க ஆத்திமலையிலும் அந்த வழக்கம் தடை செய்யப்பட்டது. மண்டபத்தில் இப்படி ஆயிரக்கணக்கான பேழைகள். மக்கள் கைகூப்பியபடி சுற்றி வந்தார்கள்.

பேழைகளை இமைக்காமல் காக்க வேண்டும் என்பதால் நாட்டின் இளைஞர்கள் அனைவரும் காவலுக்கு எடுக்கப்பட்டார்கள். தூக்கம் வராமலிருக்க அரசு செலவில் நீலத்தூள். பரிதிக்கு மாரக்காளின் பானை வாய்த்தது.

"வீட்டுக்கு வாடா. சோறு ஆறுது."

"கண்ணாடியைத் தொடாதம்மா. நிரூபிச்சது." அவன் இமைக்கவில்லை.

அயல்நாட்டு மன்னர் ஒருவர் மண்டபத்தைப் பார்க்க வந்தார். "உங்கள் தெருக்களில் ஒரு இளைஞனைக்கூடக் காணோம். கத்திக்குத்தும் இல்லை. எந்தத் திட்டத்தின் பலன் இது?"

அமைச்சர் சுற்றிலும் பார்த்தார். வரிசை வரிசையாக நீல மூக்குகள். "இந்த மண்டபம்தான், மன்னா!"

அன்றே மண்டபத்துக்கு நிரூபண முத்திரை குத்தப்பட்டது. நிரூபிக்கப்பட்டதை என்ன செய்வதென்பதில் சட்டம் தெளிவாக இருந்தது. யானைக்கதவு சாத்தப்பட்டது. காவலர்கள் உள்ளே இருந்தார்கள்.

செண்பகவல்லி கதவுக்கு வெளியே நின்று மகன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தொண்டை கட்டியபோது பக்கத்தில் வேறொரு குரல் பரிதியைக் கூப்பிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்த மாரக்காள். ஆத்திமலைப் பையன்களின் பெயர்களைச் செண்பகவல்லி கேட்டு வாங்கிக் கூப்பிட்டாள். அடுத்து ஒரு துணி வெளுப்பவர் சேர்ந்தார். அவருக்கு உள்ளே யாருமே இல்லை. சாயங்காலத்துக்குள் சதுக்கம் நிரம்பியது. ஊரார் பிள்ளைகளின் பெயர்களை ஊரார் கத்தினார்கள்.

கதவு உள்ளிருந்து ஒருமுறை அதிர்ந்தது.

அமைச்சர் ஓடிவந்தார். கதவில் காதை வைத்தார். மறுபடி அதிர்ந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"அற்புதம்! இது பலிக்கும் போலிருக்கிறதே," என்றார். "இவர்களில் பாதிப் பேருடைய வாயைக் கட்டுங்கள்."