மூக்கில்லாத கொக்கு

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே என் மனைவி சௌக்கியம். தங்கள் மகனும் மருமகளும் சௌக்கியம். வேலைக்குப் போகிற வழியில் சிட்டுவை எங்களிடம் விட்டுவிட்டு மாலையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நம் பேத்தி சிட்டுவுக்குக் கீழ் ஈறில் ஒரு பல் எட்டிப் பார்க்கிறது. பல் டாக்டரான தாங்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கப்போகிறீர்கள் என்று அதற்கும் தெரிந்திருக்கிறது போலும். வீட்டில் சௌக்கியமில்லாதவன் நான் ஒருவன்தான். அதற்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணம். ஏனென்று எழுதிவிடுகிறேன்.

சிட்டு பிறந்தபோது தாங்கள் ஒரு நீலப் பெட்டியை என் கையில் கொடுத்தீர்கள். “நாணயச்சாலையில மூவாயிரமே மூவாயிரம்தான் அடிச்சாங்க சம்பந்தி. கொக்குப் படம் போட்ட வெள்ளி நாணயம். அப்புறம் அச்சையே உடைச்சிட்டாங்க. இருபத்தஞ்சு வருஷம் திறக்காம வச்சிருங்க. ஒரு கீறல் விழுந்தா அவ்வளவுதான், மதிப்பே போயிடும். உங்க வீட்ல இரும்பு பீரோ இருக்கு, அதான் உங்களை நம்பிக் கொடுக்கிறேன்” என்றீர்கள். என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்து வெகுநாளாகியிருந்ததால், அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து மிதந்துகொண்டேதான் இருக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் போதும், இருபத்தைந்து வருஷமும் திரைச்சீலை மாதிரி ஒதுங்கிவிடும். வெளிச்சமான ஓர் அறை. சிட்டு நெடுநெடுவென்று வளர்ந்து நிற்கிறாள், என் மனைவியின் நெற்றி அப்படியே. மேசைமேல் நீலப் பெட்டி. திறக்கிறாள், கொக்கு ஒற்றைக்காலில் நிற்கிறது, சுற்றிலும் வெள்ளித் தண்ணீர். பக்கத்தில் இருக்கிற யாரிடமோ, “எங்க தாத்தா பத்திரமா வச்சிருந்தது” என்கிறாள். எந்தத் தாத்தா என்று சொல்வதில்லை. நான்தான் என்று வைத்துக்கொள்கிறேன், தாங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்த அறையில் நான் இருக்கமாட்டேன் என்று எனக்குத் தெரியும், எழுபத்தொன்று முடிந்துவிட்டது. கொக்காவது என் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்கட்டுமே என்று ஓர் ஆசை. இந்தக் கனவுக்குள் சிட்டுவின் கிலுகிலுப்பைச் சத்தமும் வந்து கலந்துவிடும். கொஞ்ச நாளாக அந்தச் சத்தம் தூரத்தில் போகிற சைக்கிள் மணிபோல அவ்வளவு இனிமை. அதைக் கேட்டால்தான் குழந்தை தூங்குகிறாள், நானும்தான்.

ஆனால் சம்பந்தி, நான் முப்பத்தொரு வருஷம் பொத்தான் கம்பெனியில் தரம் பார்த்தவன். கண்ணால் பார்க்காத சரக்குக்கு ஒருநாளும் ‘பாஸ்’ போட்டதில்லை. பெட்டி பீரோவுக்குள் இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறதென்று யாருமே பார்க்கவில்லை, இதை எப்படி இருபத்தைந்து வருஷம் தாங்குவது? நானும் ஏழு மாதம் தாங்கினேன். பிறகு திறந்துவிட்டேன். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அச்சு நடுவில் விழாமல் ஒரு பக்கம் நகர்ந்து, கொக்கின் மூக்கு விளிம்புக்கு வெளியே போயேபோய்விட்டது. மூக்கில்லாத கொக்கு எதைக் கொத்தித் தின்று இருபத்தைந்து வருஷம் இருக்கும்? எனக்கு ரத்தம் கொதித்தது. தங்களைப் போன்ற ஒரு பெரிய மனிதரை ஏமாற்றியிருக்கிறார்களே என்று உட்கார்ந்து மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதினேன், படம் வேறு வரைந்தேன். நாணயத்தைப் பஞ்சில் சுற்றி, என் மனைவி துணிப்பை தைத்துக் கொடுக்க, ‘நிராகரிக்கப்பட்டது, நல்லதாக ஒன்று அனுப்பவும்’ என்று எழுதி நாணயச்சாலைக்கே அனுப்பிவிட்டேன். நாற்பது நாள் ஆகிறது.

வரப்போகிற புதுக் கொக்குக்கு ஒரு கண்ணாடி மூடி வாங்கலாமென்று செவ்வாய்க்கிழமை நாணயக் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் விஷயத்தைப் பெருமையாகவே சொன்னேன். கடைக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார்.

“சார், முழுக் கொக்கு ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்போது பேர்கிட்ட இருக்கு. மூக்கில்லாத கொக்கு உலகத்துலயே ஒண்ணுதான். அதையா திருப்பி அனுப்பினீங்க?”

“தப்பான சரக்காச்சேங்க.”

“தப்பா இருக்கிறதுனாலதான் சார் அதுக்கு மதிப்பே. அங்க வாங்கின கையோட உருக்கியிருப்பாங்க.”

இருபத்தைந்து வருஷம் கழித்து என்ன விலை போயிருக்கும் என்று கேட்டேன். அவர் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். எனக்கும் அதுபோலத் தலை சுற்றியது. வீட்டுக்கு எந்த வழியாக வந்தேன் என்று இப்போதும் தெரியாது. அன்றிலிருந்து கண்ணை மூடினால் அந்த அறை வருகிறது, சிட்டு வருகிறாள், பெட்டியைத் திறக்கிறாள், உள்ளே வெறும் பஞ்சு. “எந்தத் தாத்தா?” என்று இப்போதுதான் கேட்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? திட்டுவதாக இருந்தால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் திட்டுங்கள். என் மகளுக்குத் தெரியவேண்டாம், சிட்டுவுக்கு எந்நாளும் தெரியவேண்டாம். இருபத்தைந்து வருஷம் ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் ஒரு வருஷம்கூட எனக்குத் துப்பில்லை என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கங்கள். தங்கள் முழங்கால் வலி குறைந்து, மாடிப்படி ஏறி எங்கள் வீட்டுக்கு வர வேண்டும் என்று, பயத்தோடு, விரும்பும்

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது தபால்காரர் வந்து நாணயச்சாலையின் பதிலைக் கொடுத்தார். “தாங்கள் அனுப்பிய பொருள் எங்கள் தயாரிப்பு அன்று. அது ஒரு கோட்டுப் பொத்தான். குறை எதுவும் காணப்படவில்லை. அச்சு மிகச் சரியாக மையத்தில் விழுந்துள்ளது. திருப்பி அனுப்பியுள்ளோம்.” முப்பத்தொரு வருஷ உழைப்புக்கு எழுத்தில் கிடைத்த முதல் பாராட்டு, எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் உறைத்தது. மனைவியைக் கூப்பிட்டேன்.

“வெள்ளியை யாராவது தபால்ல அனுப்புவாங்களா? தைக்கும்போதே எடுத்துட்டு, கனத்துக்கு உங்க கம்பெனிப் பழைய பொத்தான் ஒண்ணை வச்சேன்.”

“அப்போ கொக்கு எங்கே?”

“கிலுகிலுப்பைல இருந்த மணியெல்லாம் கொட்டிப்போச்சு. குழந்தை தூங்கவே மாட்டேன்னுச்சு. மூடியைத் திருகி அதை உள்ள போட்டேன். இப்ப நல்லாத்தானே தூங்குறா, நீங்களும்தான்.”

திறந்து பார்த்தேன் சம்பந்தி. நாற்பது நாள் ஆட்டியதில் கொக்குக்கு இப்போது காலும் இல்லை. கீறல் விழாத இடம் கடுகளவும் இல்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தொட்டிலில் சிட்டு சத்தத்தைக் காணோமே என்று உதட்டைப் பிதுக்கினாள். திரும்ப உள்ளே போட்டு, மூடியை இறுக்கித் திருகி, இரண்டு தடவை சோதித்துவிட்டு அவள் கையில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவசியம் வாருங்கள். கொக்கைக் காட்ட முடியாது. மதியம் சிட்டு தூங்குகிற நேரத்துக்கு வந்தால் கேட்கலாம்.