டிராமில் போய் வந்ததற்கான அத்தாட்சி

அரசாங்க ஊழியர் ஒருவர் தலைநகருக்குப் போவதென்றால் இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். எங்கே தங்குவது? எதில் ஏறிப் போவது? எதற்காகப் போகிறோம் என்று மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு. அதை அலுவலகங்கள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

திருமயம் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் அடைக்கலராஜுக்கு, 1954-ஆம் வருஷம், அந்த மூன்றாவது கேள்விதான் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக இருந்தது. அவர் ஆவூர்க்காரர். புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருஷம் பாடம் நடத்தியவர். சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்து ஆறு வருஷம் கழிந்த பிறகு, சென்னையில் சேவை இணைப்பு அலுவலகம் என்று ஒன்று விழித்துக்கொண்டு, அந்தப் பதினோரு வருஷமும் உண்மையிலேயே நடந்ததுதானா என்று சந்தேகப்பட்டது. மேற்படி ஆசிரியர் ஜூன் முப்பதாம் தேதிக்குள் நேரில் ஆஜராகித் தாம் இருந்ததை நிரூபிக்க வேண்டும். தவறினால் அவருடைய சேவை ‘நிகழாததாகக் கருதப்பட்டு’, அவர் இன்று வேலைக்குச் சேர்ந்தவராகப் பாவிக்கப்படுவார்.

நிகழாமல் போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவரிடம் வாய்ப்பாடு ஒப்பிக்கத் தெரியாமல் குட்டு வாங்கிய பிச்சை, இப்போது அதே பள்ளியில் சின்ன வாத்தியார். வருகிற தை மாதம் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். பதினோரு வருஷம் காணாமல் போனால் அந்த நாற்காலியில் பிச்சை உட்காருவான். அடைக்கலராஜ் அவன் முன்னால் நின்று லீவு கேட்க வேண்டும்.

சென்னைக்குப் போகப் புதுக்கோட்டை அலுவலகத்தில் பிரயாண அனுமதி வாங்க வேண்டும். அங்கே தலைமைக் குமாஸ்தா ஆண்டியப்பன், சென்னையைப் பற்றி அத்துபடியாகத் தெரிந்தவர் என்று பேரெடுத்தவர். திருச்சிக்கு அப்பால் அவர் போனதில்லை. போயிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது.

அவருடைய ஞானமெல்லாம் ஒரு புத்தகத்தில் இருந்தது. ‘சென்னைப் பட்டணப் பிரயாணக் கையேடு’, சமஸ்தான வெளியீடு, 1936. அந்தக் காலத்தில் புதுக்கோட்டையே ஒரு தலைநகர் அல்லவா? அங்கிருந்து சென்னைக்குப் போவது வேற்று ராஜ்யத்துக்குப் போவது மாதிரி. ஆகவே விதிகள் கடுமையாக இருந்தன. சமஸ்தானம் போயும் கையேடு போகவில்லை. அதை ரத்து செய்யும் அதிகாரம் ஒரே ஒரு அதிகாரிக்குத்தான் இருந்தது. அந்தப் பதவியை முதலில் ரத்து செய்துவிட்டார்கள்.

"எங்க தங்குறதா உத்தேசம்?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

"பெரம்பூர்ல எம் மச்சான் வீடு இருக்குங்க. வீட்டுக்காரியோட அண்ணன், இன்னாசின்னு. ரயில்வே ஒர்க்‌ஷாப்புல இருக்காரு."

ஆண்டியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "விதி நாலு. ‘ஊழியர் உறவினர் இல்லங்களில் தங்குதல் கூடாது. விருந்துபசாரத்தில் மயங்கி வந்த காரியத்தை மறப்பர்.’ நீங்க பாரீஸ் கார்னர் பக்கம் தருமலிங்க முதலியார் சத்திரத்துலதான் தங்கணும். காத்தோட்டமான எடம். பின்னால கெணறு இருக்கு."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"பக்கம் பன்னெண்டுல இருக்கு. அப்பறம், ஊருக்குள்ள போக வர டிராம் மட்டுந்தான். ரிக்‌ஷா கூடாது, மனுசன இழுக்க விடுறது கௌரவக் கொறச்சல். ஜட்கா கூடாது, குதிரைய நம்ப முடியாது. பஸ்ஸப் பத்தி ‘சில காலம் கவனித்து முடிவு செய்யப்படும்’னு போட்டிருக்கு."

"கவனிச்சாச்சுங்களா?"

"இன்னும் இல்ல."

அடைக்கலராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னார். "சார், டிராம நிப்பாட்டி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. பேப்பர்லகூட வந்துச்சு."

"பேப்பர்ல ஆயிரம் வரும். நமக்கு எழுத்து மூலமா வந்துச்சா?"

"வரலைங்க."

"அப்ப ஓடுது. வாரப்ப டிராம் டிக்கெட்டும், சத்திரத்துல தங்குனதுக்குச் சர்ட்டிபிகேட்டும் கொண்டாங்க. கையேட்டுப்படி போய் வந்தீங்கன்னு நான் எழுதுனாத்தான் மெட்ராஸ்ல போட்ட உத்தரவு செல்லும்."

எழும்பூரில் இறங்கியபோது இன்னாசி வந்து காத்திருந்தார். கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. அவரும் சர்க்காரில்தான் வேலை பார்க்கிறார்.

"மாப்பிள்ளை, டிராம் இல்லேன்னாலும் தண்டவாளம் அங்கங்க கெடக்கு. அது மேல நடந்து போனா, டிராம் பாதையில போனதாத்தானே அர்த்தம்?"

நியாயமாகத்தான் பட்டது. சென்ட்ரலிலிருந்து பாரீஸ் கார்னர்வரைக்கும் அடைக்கலராஜ் தண்டவாளத்தின் மேலேயே நடந்தார். தார் போட்டு மூடிய இடங்களில் உத்தேசமாக நடந்தார். பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தன. போலீஸ்காரர் ஒருவர் தடுத்து நிறுத்தி, என்ன இது என்று கேட்டார். அரசாங்கக் காரியம் என்றதும் விட்டுவிட்டார். அவருக்கும் அப்படிப் பல உத்தரவுகள் வந்திருக்கும்.

சத்திரத்தைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. காற்றோட்டமான கட்டடம், பின்னால் கிணறு, எல்லாம் பக்கம் பன்னிரண்டில் சொன்னபடி இருந்தது. வாசலில் மட்டும் ‘சேவை இணைப்பு அலுவலகம்’ என்று பலகை தொங்கியது. சத்திரத்தை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு மூன்று வருஷமாகிறதாம்.

உள்ளே சூப்பிரண்டு அனுமதிக் கடிதத்தைப் பார்த்தார். "சென்னையில் எங்கே தங்கியிருக்கிறீர்?"

"இங்கதாங்க. இந்தக் கட்டடத்துலதான்."

"இது அலுவலகம். வெளியார் தங்கினால் அத்துமீறல்."

"அப்ப பெரம்பூர்னு மாத்தி எழுதிக்கிறேங்க."

"எழுதலாம். ஆனால் கடிதத்தில் இருக்கிறவர் இந்த முகவரியில் தங்கியிருக்கிறார். பெரம்பூரில் தங்கியிருந்தால் நீர் வேறு ஆள்."

தாம் வேறு ஆளாக இருந்தால் தேவலை என்று அடைக்கலராஜுக்கு ஒரு கணம் தோன்றியது. சூப்பிரண்டு நல்ல மனிதர். யோசித்து ஒரு வழி சொன்னார். "அந்த பெஞ்சில் உட்காரும்."

உட்கார்ந்தார். காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவரை மாலை ஐந்து மணிக்கு, நாளை வரச் சொன்னார்கள். மறுநாளும் அதே பெஞ்சு. நான்காம் நாள் சாயங்காலம் சூப்பிரண்டு கூப்பிட்டு ஒரு சர்ட்டிபிகேட் கொடுத்தார். ‘மேற்படியார் நான்கு தினங்கள் இக்கட்டடத்தில் தங்கியிருந்தது உண்மை. இங்கு வரும் எவரும் இதற்குக் குறைவாகத் தங்குவதில்லை.’

"பதினோரு வருச சமாசாரங்க..." என்று இழுத்தார் அடைக்கலராஜ்.

சூப்பிரண்டு நிமிர்ந்து பார்த்தார். "நீர் இருக்கிறீர் அல்லவா?"

"இருக்கேங்க."

முத்திரை விழுந்தது. நான்கு நாள் காத்திருந்த காரியம் அரை நிமிஷத்தில் முடிந்தது. ‘பிரயாணம் கையேட்டுப்படி நடந்ததாகப் புதுக்கோட்டை அலுவலகம் உறுதி செய்யும் பட்சத்தில்’ என்று கீழே ஒரு வரி மட்டும் இருந்தது.

டிக்கெட்டுக்கு எங்கே போவது? இன்னாசியின் மனைவி தன் பூசைப் புத்தகத்தைப் புரட்டினாள். இறந்தவர்களுக்கான துக்க மந்திரிப்பு ஜெபம் இருந்த பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த பழைய டிராம் டிக்கெட் ஒன்று இருந்தது. தேதி எதுவும் அதில் தெரியவில்லை. அதை அவர் வாங்கி, மாதா கோயிலில் நற்கருணை வாங்குகிற பக்தியோடு சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

புதுக்கோட்டையில் ஆண்டியப்பன் அந்த டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? பேப்பர்க்காரன் பேச்சக் கேட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க. ‘டிராம் ஓடுவதை நேரில் கண்டு, ஏறி, பிரயாணம் செய்தேன்.’"

அடைக்கலராஜ் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய்ச் சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது அவர் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேதக் கற்பனை, பத்துக் கட்டளைகளில் ஒன்று. பிச்சை தலைமையாசிரியர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. கையெழுத்தைப் போட்டார்.

போட்ட கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டாமா? டிராம் எப்படி என்று திருமயத்தில் கேட்டவர்களிடம் முதலில் "இருந்துச்சு" என்று சொன்னார். அப்புறம் மணியடித்துக் காட்டினார். ஆவணிக்குள் கதை கண்டக்டரின் மீசைவரைக்கும் வந்துவிட்டது. உள்ளூர்த் தையல்காரர், சட்டைப்பைக்கு மேலே டிக்கெட் வைக்க ஒரு குட்டிப் பை தைத்து, அதற்கு டிராம் ஜேபி என்று பேர் வைத்தார். பொன்னமராவதியைத் தாண்டாத இளவட்டங்கள்கூட டிராம் ஜேபி இல்லாமல் வெளியே வரவில்லை. பிச்சையே இரண்டு சட்டை தைத்துக்கொண்டான்.

தை மாதம் அடைக்கலராஜ் தலைமையாசிரியரானார். மாசியில் புதுக்கோட்டையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. சமஸ்தான காலத்து ஆசிரியர்கள் மீதி அறுபத்து மூன்று பேரும் சென்னையில் ஆஜராக வேண்டும். ‘திரு. அடைக்கலராஜ் அவர்களின் நேரடி சாட்சியத்தின் பேரில், டிராம் வசதி திருப்திகரமாக இருப்பது உறுதியாவதால்’ அனைவரும் டிராமில் மட்டுமே செல்ல வேண்டும். பட்டியலில் முதல் பெயர், பெண்கள் பள்ளி ஆசிரியை வியாகுலமேரி. அடைக்கலராஜின் மனைவி. வலது முழங்காலில் வாதம் உள்ளவள்.

அடைக்கலராஜ் அன்றைக்கே புதுக்கோட்டைக்கு ஓடினார். "சார், டிராம் இல்லைங்க. நான் நடந்துதான் போனேன். எழுதித் தாரேன்."

ஆண்டியப்பன் கோபப்படவில்லை. "எழுதுங்க. அப்ப நீங்க கையேட்டுப்படி போகல. போகலைன்னா உத்தரவு செல்லாது. தலைமையாசிரியர் வேலைக்குப் பிச்சைதானே அடுத்தாப்புல?"

பேனாவை மூடிக்கொண்டு திரும்பினார்.

வீட்டில் வியாகுலமேரி பெட்டியில் சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு மாதமாக அவர் சொன்ன டிராம் கதையை அவள்தான் அதிகம் கேட்டவள்.

"ஏங்க, டிராம்ல முன்னாடி ஏறணுமா, பின்னாடி ஏறணுமா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முன்னாடி ஏறு. காத்து நல்லா வரும்."

ஒரு வாரம் கழித்து வியாகுலமேரி திரும்பி வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியபோது முழங்கால் வீங்கியிருந்தது. அடைக்கலராஜ் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெட்டியை வாங்கினார். பஸ் நிறுத்தத்தில் நின்ற கண்ணாத்தாள் டீச்சர் ஆவலாக ஓடி வந்தாள். பட்டியலில் அவள் இரண்டாவது.

"டிராம் எப்படி இருந்துச்சு டீச்சர்?"

வியாகுலமேரி புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கும் ஒன்பது வருஷ சேவை இருந்தது.

"ஒரே கூட்டம். ஒக்கார எடமில்ல. கடைசி வரைக்கும் கால் கடுக்க நின்னுக்கிட்டேதான் போனேன்."

கண்ணாத்தாளும் நின்றுகொண்டுதான் போனாள். அறுபத்து மூன்று பேரும் நின்றுகொண்டே போய், அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். ஆண்டியப்பன் மனம் பொறுக்காமல், பாரீஸ் கார்னர் தடத்தில் கூடுதலாக இரண்டு டிராம்கள் விட வேண்டும் என்று சென்னைக்கு எழுதினார்.

மூன்று மாதத்தில் பதில் வந்துவிட்டது. கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறதாம்.