பேட்டை மோட்டாரில் ஒரு ராஜாவின் சுருதி

2024 ஜூலை 7, ஞாயிற்றுக்கிழமை, காலை 11.20. ஆராதனை முடிந்து எல்லோரும் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில்தான் எனக்கு அது தெரியவந்தது. செத்து முந்நூறு ஆண்டுகளாகிவிட்ட ஒரு பிரெஞ்சு ராஜாவிடம், சம்பளமோ விடுப்போ இன்றி இன்னமும் ஊழியம் பார்க்கும் மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் பேட்டையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கக்கூடும். பாளையங்கோட்டையில் எங்கள் சபையாருக்கு அவர் வைண்டிங் அண்ணாச்சி. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுவது அவருடைய வாரநாள் வேலை; கோயில் பாடகர் குழுவை நடத்துவது ஞாயிற்றுக்கிழமை வேலை. இரண்டையும் ஒரே விரல்களால், ஒரே முகத்தோடு செய்வார். நான் அந்தக் குழுவுக்குக் கீபோர்டு வாசிப்பவள். பாடுவதில்லை. பாடச் சொன்னால் தொண்டை வலி என்பேன். அந்தத் தொண்டை வலிக்கு அப்போது ஏழு வயது நிறைந்திருந்தது.

அன்று அண்ணாச்சி ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினார். அந்த ராஜாவின் அரண்மனைக் கோயிலில், ராஜா பூசைக்கு வந்து அமர்ந்ததும் பாடப்பட்ட பெரும் பாடல் அது. சொற்கள் லத்தீன், குரல்கள் ஐந்து. எங்கிருந்தோ இணையத்தில் தோண்டி எடுத்து, கடையில் வார்னிஷ் காயும் நேரங்களில் உட்கார்ந்து, எங்கள் கோயில்களில் தலைமுறைகளாகப் பழகிய ‘தோ ரே மி’ எழுத்துகளில் முழுவதையும் கையால் எழுதியிருந்தார்.

“ஸ்தோத்திரப் பண்டிகைக்கு இதத்தான் பாடுதோம்.”

“லத்தீன்லயா?” என்றார் பி.டி. வாத்தியார். விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குழுவில் மிகக் கனத்த குரல் அவருடையது.

“லத்தீன்லதான். உமக்கு மேல்குரல்.”

“எனக்கா? முப்பது வருசம் கிரவுண்டுல கத்துன தொண்டைவே இது.”

“அந்த ராஜாட்ட ஆம்பளையாளுங்கதான் மேல ஏறிப் பாடியிருக்காங்க. நீரும் ஏறும்வே.”

ஒத்திகை தொடங்கியது. அரசவை வழக்கப்படி எங்கள் பதினாலு பேரையும் ‘பெரிய குழு’ ஒன்பது, ‘சின்னக் குழு’ ஐந்து என்று அண்ணாச்சி பிரித்தார். பெரிய குழுவில் இடம் பெற்றவர்கள் அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். தனித்துப் பாடும் நல்ல இடமெல்லாம் சின்னக் குழுவுக்குத்தான் என்பது மறுவாரம் தெரிந்ததும் அவர்களில் மூவருக்குக் காய்ச்சல் கண்டது.

அந்த அரண்மனையில் குரு பீடத்தருகே தணிந்த குரலில் ஜெபிக்க, அதன் மேலேயே பாட்டு ஓடுமாம். இரண்டும் ஒன்றாக முடிய வேண்டும். ஆகவே அண்ணாச்சி எங்கள் ஐயரின் ஜெபத்தைச் செல்போனில் அளக்கத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்பதே வழக்கம்.

“ஐயா, போன வாரத்தைவிட ஒண்ணே முக்கா நிமிசம் கூட ஓடிட்டு.”

“மழைக்கும் சேத்து ஜெபிச்சேன் அண்ணாச்சி.”

“அதான் மழை பெஞ்சுட்டுல்லா. இனி அத எடுத்துரலாமே.”

பிழை பொறுக்காதவள் என்று சபையில் எனக்கொரு பெயர் உண்டு. அது புகழ்ச்சி என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன். பாட்டின் கடைசி அடிக்குப் பொருள் என்ன என்று கமிட்டி செயலாளர் கேட்டபோது, அது ராஜாவைக் காக்கும்படி ஆண்டவரிடம் கேட்கும் வேண்டுதல் என்று, யாரும் கேளாத இலக்கணக் குறிப்போடு விளக்கினேன். செயலாளரின் முகம் மாறியது.

“செத்துப்போனவங்களுக்காவ ஜெபம் பண்ணுதது நம்ம சபையில உண்டா?”

மூன்று கூட்டங்கள் இதிலேயே கழிந்தன. இறுதியில் ஐயர் தீர்ப்புச் சொன்னார்: “எழுதுனப்ப அவரு உயிரோடதான் இருந்தாரு. ஜெபம் அப்பவே போய்ச் சேந்துருக்கும். நாம பாடுதது அதோட நகல்.” கமிட்டி இணங்கியது, ஒரு நிபந்தனையோடு. இந்தப் பாட்டு எடுபட வேண்டும். எடுபடாவிட்டால், டிரம்ஸும் ரிதம் பேடும் வாங்கி வைத்துக் காத்திருக்கும் வாலிபர் சங்கத்திடம் அண்ணாச்சி பாடகர் குழுவை ஒப்படைத்துவிட வேண்டும்.

“ஒப்படைச்சிருதேன்” என்றார் அண்ணாச்சி.

எல்லாம் சுருதியைப் பொறுத்தே இருந்தது. அந்த அரசவைச் சுருதி இன்றையதைவிட ஒரு முழு ஸ்வரம் தாழ்ந்தது. அதில் பாடினால்தான் வாத்தியாரின் தொண்டைக்கு மேல்குரல் எட்டும். ஒருநாள் எங்கள் அனைவரையும் கடைக்கு வரவழைத்து, புதிதாகக் கம்பி சுற்றிய மோட்டார் ஒன்றை அண்ணாச்சி ஓடவிட்டார்.

“கேக்கா? இதாக்கும் ராஜாவோட சுதி. கரண்டு ஆபீஸ்காரன் நம்ம பேட்டைக்குக் கரண்டோட சேத்து அனுப்புதான்.”

நான் செல்போனில் அளந்தேன். அவர் சொன்னது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஏறக்குறைய என்பது எனக்குப் போதாது.

“மயிரிழை கூடுதலா இருக்கு, அண்ணாச்சி” என்றேன், அத்தனை பேர் முன்னிலையிலும்.

“ராஜாவுக்கு அன்னைக்குச் சளி பிடிச்சிருக்கும்மா” என்றார்.

கீபோர்டில் சுருதியை இறக்குவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. இருமுறை அழுத்தினால் திரையில் ‘மைனஸ் இரண்டு’ தோன்றும். அதுதான் ராஜாவின் இடம். சபையாரின் பாமாலைகள் வழக்கமான சுருதியில், அதாவது பூஜ்யத்தில். பாமாலை முடிந்ததும் இருமுறை அழுத்த வேண்டும். நான்கு மாத ஒத்திகையில் என் முழுப் பொறுப்பும் அவ்வளவே.

நவம்பர் 10, விளைச்சலைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் ஸ்தோத்திரப் பண்டிகை. பூசணியும் வாழைக்குலையும் நெல்மூட்டையும் கோயிலை நிறைத்திருந்தன. ஏலத்துக்காகக் கொண்டுவந்த சேவல் ஒன்றைக் கீபோர்டுக்கு நாலடி தள்ளித் தூணில் கட்டியிருந்தார்கள். பாமாலை முடிந்தது. செயலாளர் மைக்கில், “இப்போது இங்கிலாந்து ராஜாவின் அரண்மனைப் பாடல்” என்று அறிவித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. துண்டுத்தாளில் ‘பிரான்ஸ்’ என்று எழுதி, அடிக்கோடிட்டு, அவருக்கு அனுப்பினேன். அவர் திருத்திச் சொன்னார். மனநிறைவோடு கீபோர்டில் கை வைத்தேன்.

இரண்டாம் ஸ்வரத்தில் திரையைப் பார்த்தேன். பூஜ்யம்.

அண்ணாச்சிக்கு முதல் ஸ்வரத்திலேயே தெரிந்துவிட்டது. தூக்கிய கை அந்தரத்தில் நிற்க, என்னைப் பார்த்தார். நான் வாசிப்பை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி, பொத்தானை அழுத்தி, மீண்டும் தொடங்கியிருந்தால் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் தவறு என்னுடையது என்பது சபை முழுவதற்கும் தெரிந்திருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு கணம் பொறுத்து, அண்ணாச்சி கையை இறக்கிப் பாட்டைத் தொடங்கிவைத்தார்.

வாத்தியார் ஏறினார். ராஜாவின் காலத்தில் எவரும் ஏறியிராத உயரத்துக்கு ஏறினார். கழுத்து நரம்புகள் புடைக்க, முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு மாற, ஏழாம் அடியின் உச்சியில் அவர் குரல் உடைந்தது. தூணடியிலிருந்து சேவல் அதே ஸ்வரத்தில், உடையாமல், பதில் கொடுத்தது.

சபை சிரித்தது. ஐயர் ஜெபப்புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார். மிச்சப் பாட்டு எப்படி முடிந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஆராதனைக்குப் பின் செயலாளர் வந்தார். “என்ன அண்ணாச்சி இது?”

“பேய் ஒசரம்வே!” என்றார் வாத்தியார். “நாம பாடிப் பாத்தது இது இல்ல.”

“நாந்தான் கடைசி நேரத்துல ஏத்தி வைக்கச் சொன்னேன்” என்றார் அண்ணாச்சி. “பண்டிகை நாளாச்சே, கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும்னு பாத்தேன்.”

“பளிச்சா? எனக்குக் கண்ணே இருட்டிட்டு!”

நான் இரண்டடி தள்ளி நின்று கீபோர்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து சுற்றில் முடிகிற வயர். பிரித்துப் பிரித்துப் பலமுறை சுற்றினேன். அண்ணாச்சி என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குத் தெரியும். பாட்டுப் புத்தகங்கள் இருக்கும் அலமாரியின் சாவியைச் செயலாளரிடம் கொடுத்தார். பிறகு ஏலத்தில் விடாமல் கேட்டு, அந்தச் சேவலை எடுத்தார்.

“இவன் ஒருத்தன்தான் சுதியோட பாடுனான்” என்று அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இந்தக் கட்டுரையில் எழுதக் கூசுவது அந்த ஒரு வரியைத்தான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐயர் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். “கமிட்டிக்கு எழுதிக் குடுக்கியாம்மா?” என்றார். நாலு வரி எழுதிக் கொடுத்தேன். தேதியைத் தவறாகப் போட்டிருக்கிறேன் என்பது பேட்டை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. இறங்கவில்லை.

கடையில் சேவல் ஒரு பழைய மோட்டாரின் மேல் உட்கார்ந்திருந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே அண்ணாச்சி முந்திக்கொண்டார். “எம்மா, அந்தக் கீபோர்டுல பட்டன் லூசா இருக்கும். கொண்டா, பாத்துத் தாரேன்.”

“லூசு இல்ல அண்ணாச்சி.”

அவர் அவசரமாகப் பக்கத்திலிருந்த மோட்டாரை ஓடவிட்டார். “ஒண்ணும் கேக்கலம்மா!”

நான் சுவரருகே போய்ச் சுவிட்சை நிறுத்தினேன். கடை அமைதியானது.

“பட்டனை அமுக்க மறந்தது நான். தெரிஞ்ச பிறகும் நிறுத்தாம வாசிச்சதும் நான். ஐயர்ட்ட சொல்லிட்டேன். எழுதியும் குடுத்துட்டேன்.”

ஏழு வருடத்தில் முதன்முறையாக அண்ணாச்சி என்மீது கோபப்பட்டார்.

“உன்ன யாரு சொல்லச் சொன்னா? எனக்காவது கடை இருக்கு. உன்ன இனி எவன் கீபோர்டுல உக்கார வைப்பான்? அந்தப் பட்டனை அமுக்குததுக்கு எனக்கு வேற ஆளு ஏது?”

அவர் செம்புக் கம்பியை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு எழுந்து அந்தக் காகிதக் கத்தையிலிருந்து ஒரு தாளை உருவி என் கையில் வைத்தார். வாத்தியாரின் மேல்குரல்.

“அவரு இனிமே வரமாட்டாராம்” என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

தொண்டை வலி என்று நான் சொல்லவில்லை. மோட்டாரின் முனகலோடு சேர்ந்து முதல் ஸ்வரத்தைப் பிடித்தேன். மயிரிழை குறைவாக இருந்தது. அண்ணாச்சி திருத்தவில்லை.