புகைக்குப் பயந்த தவசிப்பிள்ளை

அடுப்புப் பக்கமே போகாமல் ஆயிரம் கல்யாணத்துக்கு ஆக்கிப் போட்டவர் இந்தப் பூமியில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் தாழக்குடி விசிறி அண்ணாச்சி. கல்யாணச் சமையல்காரரை எங்கள் நாஞ்சில் நாட்டில் தவசிப்பிள்ளை என்போம். நாங்கள் இன்னும் திருவிதாங்கூர்–கொச்சிக்காரர்களாக இருந்த அந்த வருஷங்களில், அண்ணாச்சிக்கு ஒழிவு இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தமே குறிப்பார்கள். அப்பேர்ப்பட்ட தவசிப்பிள்ளைக்கு இழுப்பு நோய். புகை ஆகாது, மிளகாய் நெடி ஆகாது, மல்லி இடிக்கிற தூசி ஆகாது.

"வேற தொழில் பாக்கப்பிடாதா அண்ணாச்சி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மூச்சு விடுகதுகூடத்தான் எனக்குக் கஷ்டமா இருக்கு மக்கா. அதையும் நிறுத்தீரவா?" என்றார்.

கல்யாண வீட்டுக்கு முதல்முறை வந்தால் எத்தனை பேருக்குச் சாப்பாடு, எத்தனை பாயசம் என்று மற்ற தவசிப்பிள்ளைகள் கேட்பார்கள். அண்ணாச்சி காற்றைப் பார்ப்பார். தேங்காய் நாரில் ஒரு இழையை உரித்து உயரப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அங்கும் இங்கும் நடப்பார். "அடுப்பு இங்க, எனக்க நாற்காலி அங்க" என்று கை காட்டுவார். 'அங்க' என்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரனின் தோப்பாக இருக்கும். நாற்காலி போட வசதியாக வேலியைப் பிரித்த வீடுகள் உண்டு.

அவ்வளவு தூரத்திலிருந்து கத்தினால் மூச்சு வாங்கும் அல்லவா? அதற்காகத்தான் அந்தப் பனையோலை விசிறி. தலைக்கு மேலே தூக்கினால் பாயசத்துக்குச் சர்க்கரை. பக்கவாட்டில் ஆட்டினால் தீயைக் குறை. நெஞ்சுக்கு நேரே மேலும் கீழும் ஆட்டினால் உப்பு. அடுப்படியில் நிற்கிற பயல்களுக்கு ஒரு கண் வார்ப்புப் பாத்திரத்திலும் மறுகண் விசிறியிலுமாக இருக்கும்.

வைத்தியத்துக்கும் குறைவில்லை. ஆடாதோடைச் சாறு, தூதுவளைத் துவையல், திப்பிலிப் பொடி என்று ஊரில் யார் எதைச் சொன்னாலும் சாப்பிடுவார். வைத்தியர்கள் ஆளுக்கொரு பத்தியம் சொல்ல, எல்லாவற்றையும் கூட்டிப் பிடித்ததில் கடைசியில் அவருக்குக் கஞ்சியும் சுட்ட அப்பளமும்தான் மிஞ்சின. போதாததற்கு ஊமத்தை இலையைக் காயவைத்துச் சுருட்டாகப் பிடித்தார். "புகையால வந்ததைப் புகையாலதான் எடுக்கணும்" என்று விளக்கம் வேறு. நாகர்கோவில் டாக்டர் ஒருவர் அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அது விஷம் ஓய். அதை விட்டிரும், அடுப்பையும் விட்டிரும். இன்னொரு தடவை நல்லாப் புகை ஏறிச்சுன்னா உம்மைத் திருப்பிக் கொண்டாற என்னால முடியாது."

அண்ணாச்சி சுருட்டை விட்டார். அடுப்பை விடவில்லை. நாற்காலியை மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்டார்.

ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம் வந்தது. ஆவணிக் காற்றுக்கு ஒழுக்கம் கிடையாது. அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்திலே என்றால் சொல்லவே வேண்டாம். காலையிலேயே ஆட்டம் தொடங்கிவிட்டது. காற்று திரும்பும், அண்ணாச்சி எழுந்து ஓடுவார், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடுவேன். அவர் உட்கார்ந்த உடனே காற்று மறுபடி திரும்பும். சமையல் பந்தலை நாங்கள் சுற்றி வந்ததைப் பார்த்து, எங்கள் பக்கத்தில் அடுப்பையும் வலம் வருவார்கள் என்று மாப்பிள்ளை வீட்டார் நினைத்துக்கொண்டார்கள்.

சாம்பாருக்குத் தாளிக்க வற்றல் மிளகாயைக் காய்ந்த எண்ணெயில் போட்ட அந்த நேரம் பார்த்துக் காற்று சுழன்றது. நெடி முழுவதும் அவர் முகத்தில். அண்ணாச்சி எழுந்தார், எழுந்தபடியே குனிந்தார். தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கின. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. நாங்கள் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினோம். டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வந்தது. நல்ல வேளை, அதே டாக்டர் மாப்பிள்ளை வீட்டு வழியில் கல்யாணத்துக்கு வந்திருந்தார். பையைத் திறந்து ஊசி போட்டார்.

வெளியே இன்னொரு கூத்து. "நாற்காலி காலியாக் கெடந்தா பயலுவ வேலை செய்ய மாட்டானுவ" என்று என் மாமா போய் அதில் உட்கார்ந்துவிட்டார். கீழே கிடந்த விசிறியையும் எடுத்தார். கனத்த சரீரம், பட்டு வேட்டி, நல்ல வேர்வை. நெஞ்சுக்கு நேரே விசிறி மேலும் கீழும் ஆடியது. உப்பு. மறுபடியும் ஆடியது. மறுபடியும் உப்பு.

"லேய், இன்னுமா கேக்காரு?" என்றானாம், புகைக்கு நடுவே விசிறியை மட்டும் கண்ட அடுப்படிப் பயல் ஒருவன்.

"அண்ணாச்சிக்க விசிறி சொல்லிச்சுன்னா சொன்னதுதான். போடுலே" என்றானாம் இன்னொருவன்.

உள்ளே அண்ணாச்சியின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து வந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். சட்டென்று முகத்தைத் தூக்கி அங்கும் இங்கும் பார்த்தார்.

"என்ன மணம் வே இது?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "எரிசேரிக் கூட்டுக்குத் தேங்கா வறுக்காவ அண்ணாச்சி" என்றேன்.

"எரிசேரியா? எரிசேரிக்கு இப்பிடியா மணம் இருக்கும்?"

டாக்டர் கிட்டே வந்தார். "மருந்துல மூக்கும் தொறந்திருக்கு. எப்பத்திலேருந்து ஓய் அடைச்சிருந்தது?"

"சின்னதிலேயே அடைச்சுப்போச்சு. நாக்கை வச்சுத்தான் சமாளிச்சேன். மணம் ஊரைத் தூக்குகுன்னு எல்லாரும் சொல்லுவாவ. நானும் ஆமான்னு தலையாட்டுவேன்." சொல்லிவிட்டு எழுந்து அடுப்பங்கரைக்குக் கிளம்பினார். டாக்டர் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார்.

அம்மா போய் ஒரு கிண்ணத்தில் எரிசேரி கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிடவில்லை. கிண்ணத்தை மூக்குக்கு நேரே பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி ஈரமானது. பந்தியில் சாம்பாரை வாயில் வைத்தவர்கள் எழுப்பிய கூச்சல் உள்ளே வரை கேட்டது. அதுகூட அவர் காதில் விழவில்லை.

அக்கா கல்யாணம் என்றால் ஊர் இன்றைக்கும் அந்த உப்பைத்தான் சொல்கிறது. டாக்டர் கொடுத்த மாத்திரையோடு அண்ணாச்சி அதற்குப் பிறகும் பல வருஷம் தோப்புக்குத் தோப்பு நாற்காலி போட்டார். மருந்து கேட்ட நாளில் மூக்கு திறக்கும், மற்ற நாளில் இல்லை. எங்கள் வீட்டில் எரிசேரி வைத்தால் அம்மா முதல் கிண்ணத்தை அவருக்குத்தான் எடுப்பாள். சூடு ஆறுமுன் நான் கொண்டு ஓடுவேன், இன்றைக்கு அவருக்கு மூக்கு திறந்திருக்க வேண்டுமே என்று சாமியை வேண்டிக்கொண்டே.