புட்டுக்குள் வைத்த மகசீன்கள்

கேட்டால் மட்டும் உதவி செய்கிற கணவன்மாரைக் கவனித்திருக்கிறேன். நிம்மதியாக வாழ்கிறார்கள். நான் கேட்காமலே ஓடிப்போய் உதவுகிற இனம். (எங்கள் வீட்டுச் சலவை இயந்திரம் ஏன் அடிக்கடி மாறுகிறது என்று விருந்தினர் யாரும் இப்போது கேட்பதில்லை.) ஆனால் அந்தக் குளிர்காலச் சனிக்கிழமை நான் செய்த உதவிக்கு முன்னால் சலவை இயந்திரம் எல்லாம் தூசு.

என் மனைவி ஜெசிந்தா பார்க்கிங் என்ற ஊரில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எந்த வாடிக்கையாளரிடமும் குரல் உயர்த்தாதவள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பாடுவாள். சனிக்கிழமைகளில் துப்பாக்கி சுடுவாள்.

பதற வேண்டாம். இந்த நாட்டில் சாதாரண ஆட்கள் கைத்துப்பாக்கி வைத்துப் போட்டிக்குப் போக முடியாது. இவர்களுடையது விளையாட்டுத் துப்பாக்கி. உருவமும் பாரமும் அசல்போல இருக்கும். வருவதோ மிளகைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் குண்டு. அதைத் தள்ளுவது காஸ்.

ஒரு போட்டியில் பல ஸ்டேஜ்கள் இருக்கும். ஒவ்வொரு ஸ்டேஜிலும் பலகைத் தடுப்புகள், அவற்றின் பின்னால் அட்டை மனிதர்கள், சின்னச் சின்ன இரும்புத் தட்டுகள். 'பீப்' என்றதும் ஓட வேண்டும், சுட வேண்டும், குண்டு முடிந்தால் ஓடிக்கொண்டே மகசீனை மாற்ற வேண்டும். (மகசீன் என்றால் வாசிக்கிற சஞ்சிகை இல்லை. துப்பாக்கிப் பிடிக்குள் செருகும் குண்டுப்பெட்டி. காஸும் அதற்குள்தான் இருக்கும்.) வெறுமையான மகசீனை அப்படியே நிலத்தில் போட்டுவிட்டு ஓடுவார்கள். வேகமாக முடித்தால் புள்ளி கூடும்; குனிந்து பொறுக்க யாருக்கு நேரம்?

பார்க்க வருகிறவர்கள் சுடுவதைத்தான் பார்ப்பார்கள். ஜெசிந்தாவைக் கேட்டால், ஒரு ஸ்டேஜுக்கும் அடுத்த ஸ்டேஜுக்கும் நடுவில்தான் போட்டியே நடக்கிறது என்பாள். விழுந்த மகசீன்களைப் பொறுக்குவாள். தூசி துடைப்பாள். குண்டு வெளியே வரும் வாய் நெளிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். விரலால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்து, குண்டு நிரப்பி, காஸ் ஏற்றி, கசிகிறதா என்று காதில் வைத்துக் கேட்டபின்தான் இடுப்புப் பட்டியில் செருகுவாள். அந்த நேரத்தில் அவளுடன் பேசக் கூடாது. செபமாலை சொல்லும்போது பேசினால்கூட மன்னிப்பாள்.

நானும் ஒருமுறை சுட்டுப் பார்த்தேன். என் முதல் குண்டு, அட்டை மனிதனுக்கு வெகு மேலே இருந்த, வெளியேறும் வழியைக் காட்டும் பச்சை விளக்கில் பட்டது. போட்டிகளை நடத்திப் பாதுகாப்பைப் பார்க்கிற ரேஞ்ச் ஒபிசர் கிரஹாம் என் தோளைத் தொட்டு, "விளக்கு சொல்வதைக் கேளுங்கள்" என்றார். அன்றிலிருந்து நான் மகசீன் பொறுக்குபவன். அந்தப் பதவியில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைப் போட்டி சும்மா போட்டி இல்லை. போர்த்துக்கலில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போகும் பெண்கள் அணியில் ஓர் இடம் மிச்சம் இருந்தது. அது ஒன்றில் ஜெசிந்தாவுக்கு, இல்லையென்றால் ஹெலன் என்ற பஸ் சாரதிக்கு. ஜெசிந்தா மாதக்கணக்காக எங்கள் வரவேற்பறையில் சோபாவைச் சுற்றி ஓடிப் பயிற்சி எடுத்திருந்தாள். போர்த்துக்கல் என்ற சொல்லை மட்டும் அவள் வாயால் சொல்லவே இல்லை. சொன்னால் கைநழுவிவிடும் என்று பயம்.

மோர்டனில் இருக்கும் மாமியும், அதாவது ஜெசிந்தாவின் அம்மா, அந்த வார இறுதியில் எங்களோடு நின்றார். மகள் சுடுவதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

"துவக்குச் சத்தத்துக்குப் பயந்துதான் மன்னாரிலையிருந்து இஞ்சை ஓடி வந்தனாங்கள்" என்பார். "இவள் காசு குடுத்துப் போய்க் கேக்கிறாள்."

ஆனால் நாங்கள் பகல் முழுக்க வெளியே நிற்கப் போகிறோம் என்றதும் அவருடைய கொள்கை தளர்ந்தது. துவக்கைவிடப் பெரிய ஆபத்து, பிள்ளைகள் பசியோடு நிற்பது. விடிய எழும்பிப் புட்டு அவித்து, கறிவேப்பிலை போட்டு மீன் பொரித்து, இரண்டையும் பெரிய சூட்டுப் பெட்டி ஒன்றில் அடைத்து, காரின் பின்சீற்றில் அதைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

போட்டி நடந்த இடம் ஆற்றோரத் தொழிற்பேட்டையில் ஒரு பழைய கிடங்கு. ஹீட்டர் பழுது. உள்ளே நின்றவர்களின் வாயிலிருந்து எல்லாம் புகை வந்தது. ஜெசிந்தா முதல் ஸ்டேஜ்களில் பிரமாதமாகச் சுட்டாள். மாமி முதலில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு, "அந்த மூலையிலை நிக்கிறவனை விட்டிட்டாய், பிள்ளை!" என்று கத்தத் தொடங்கினார். (அட்டை மனிதனைத்தான்.) ஜெசிந்தா ஹெலனைவிடக் கொஞ்சம் முன்னால் நின்றாள்.

கடைசிக்கு முந்திய ஸ்டேஜில்தான் சிக்கல். குண்டு போய் இரும்புத் தட்டில் பட்டது. தட்டு விழவில்லை. குண்டு பஞ்சுபோலப் பட்டு விழுந்தது.

"காஸ் குளிர்ந்திட்டுது" என்றாள் ஜெசிந்தா, மகசீன்களுக்குக் குண்டும் காஸும் ஏற்றிக்கொண்டே. "குளிர்ந்தால் தள்ளுற சக்தி குறையும். இஞ்சேருங்கோ, இதுகளை உங்கடை பொக்கற்றுக்குள்ளை வைச்சிருங்கோ. உடம்புச் சூடு காணும். வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஓம் ஓம்."

"வேறை ஒண்டும்."

"ஓமெண்டு சொல்லிட்டன்தானே?"

அவள் கடைசி ஸ்டேஜை நடந்து பார்க்கப் போனாள். எல்லாப் போட்டியாளரும் விரலைத் துப்பாக்கிபோல நீட்டிக்கொண்டு, தங்களுக்குள் முணுமுணுத்தபடி, தடுப்புகளுக்கிடையில் நடந்து திரிவார்கள். வெளியாள் யாராவது பார்த்தால் அம்புலன்ஸுக்குப் போன் அடிப்பார்.

நான் மகசீன்களை என் காற்சட்டைப் பொக்கற்றுகளில் போட்டுக்கொண்டு நின்றேன். சற்று நேரத்தில் மகசீன்கள் சூடாகவில்லை, என் தொடைகள் குளிர்ந்துவிட்டன. இந்த வேகத்தில் போனால் மனைவியின் போர்த்துக்கல் என் பொக்கற்றுக்குள்ளேயே உறைந்துவிடும் என்று பட்டது. அப்போதுதான் பக்கத்தில் மாமி சூட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். குபீரென்று ஆவி எழுந்தது.

"மாமி, புட்டு இன்னும் நல்ல சூடு போலை?"

"கொதிக்கக் கொதிக்க மூடினனான். ஏன் தம்பி, பசிக்குதே?"

"எனக்குப் பசியில்லை. இதுகளுக்குத்தான் குளிருது."

மாமி என் கையிலிருந்த மகசீன்களைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள், அல்லது என்னைத் தடுத்திருப்பார்கள். ஆனால் குளிருகிறது என்று யாராவது சொன்னால் மாமிக்கு அதற்குமேல் விசாரணை கிடையாது.

"ஐயோ, குடுங்கோ இஞ்சை!"

இருவருமாக ஒவ்வொரு மகசீனையும் சமையலறைக் கடதாசியில் சுற்றினோம். மாமி புட்டில் குழி தோண்டினார். நான் வைத்தேன். அவர் மேலே புட்டைப் போட்டு, கை அடையாளம் தெரியாமல் தட்டி, அதன்மேல் பொரித்த மீன் துண்டுகளை அடுக்கினார். மூடி சரியாகப் பூட்டவில்லை. ஆகவே நான் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அடைகாக்கும் கோழிக்கு உள்ள அமைதி எனக்குள் பரவியது. இப்படி ஒரு யோசனை இத்தனை காலமாக இந்த விளையாட்டில் யாருக்கும் வராமல் போனது எப்படி என்று வியந்துகொண்டிருந்தேன்.

திடீரென்று ஜெசிந்தாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவளுக்கு முன்னால் சுட வேண்டியவருடைய துப்பாக்கி பழுதாகிவிட்டதாம்.

அவள் ஓடி வந்தாள். "மகசீன் எங்கை?"

பெட்டியைத் திறந்தேன். மாமி தோண்டினார். ஈரத்தில் கடதாசி கஞ்சியாகக் கரைந்திருந்தது. அதை வழித்து எறிந்து, என் சட்டையில் ஒரு துடை துடைத்து, அவள் கையில் திணித்தேன். நல்ல வேளையாக அவள் கண் ஸ்டேஜில் இருந்தது.

"ஏன் இது இப்பிடிக் கொதிக்குது?"

"உடம்புச் சூடு."

"உங்களுக்குக் காய்ச்சலே?"

பதில் சொல்வதற்குள் கிரஹாம் மறுபடி கூப்பிட்டார். அந்த ஒரே ஒரு முறைதான் ஜெசிந்தா தன் மகசீன்களைச் சரிபார்க்காமல் பட்டியில் செருகினாள். என்னை நம்பி.

பீப்.

அவள் முதலாவது தடுப்புக்குப் பாய்ந்து, குறி வைத்து, விசையை இழுத்தாள். 'டிக்.' மறுபடி இழுத்தாள். 'டிக்.' (சூடு கூடினால் உள்ளே அழுத்தம் ஏறி, காஸை வெளியே விடும் வால்வு திறக்கவே மாட்டாதாம். பிறகு சொன்னாள்.) அந்த மகசீனைக் கீழே போட்டு அடுத்ததைச் செருகினாள். இது சுட்டது. சாதாரணமாக 'சப்' என்று வரும் சத்தம், 'படார்' என்று வந்தது. கூடவே ஒரு வெள்ளை மேகமும் வந்தது. மண்டபத்துக்குள் தேங்காய்ப்பூ மெல்ல மெல்ல இறங்கியது. கிரஹாமின் தாடியிலும் கொஞ்சம் விழுந்தது.

ஜெசிந்தா நிற்கவில்லை. அடுத்த மகசீன், அடுத்த மேகம். இதற்குள் அவள் முதலில் கீழே போட்ட மகசீன் 'உஸ்ஸ்ஸ்' என்று காஸைக் கக்கிக்கொண்டு நிலத்தில் சக்கரவாணம் மாதிரிச் சுற்றத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும் பொரித்த மீன் வாசம் நாலா பக்கமும் போனது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் பின்வாங்கினார்கள். பின்வரிசையில் ஒருவர் மட்டும் மூக்கை உயர்த்திக்கொண்டு முன்னால் வந்தார்.

இத்தனைக்கும் நடுவில் அவள் கடைசித் தட்டு வரைக்கும் விழுத்தி முடித்தாள். ஆனால் புட்டு அடைப்பு எடுத்து, மகசீன் மாற்றி, மாற்றி, நேரம் போய்விட்டது.

கிரஹாம் அட்டை மனிதர்களைப் பார்வையிட்டார். ஒருவனுடைய நெற்றியில் அழகாக ஒரு துளை இருந்தது. துளைக்குப் பக்கத்தில் ஒரு கறிவேப்பிலைத் துண்டு. அவர் அதைப் பேனை முனையால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது என்ன?"

நான் கையை உயர்த்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு பணிவாகக் கை உயர்த்தியதில்லை. மகசீன்களைச் சாப்பாட்டுக்குள் வைத்துச் சூடாக்கியதைச் சொன்னேன். ஆங்கிலத்தில் சொல்லும்போது அது இன்னும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. என்னைக் காப்பாற்ற மாமி எழுந்து நின்று, "ஹொட் ஃபூட். வெரி குட்" என்று பெட்டியைத் திறந்து காட்டினார்.

கிரஹாம் நல்ல மனிதர். ஆனாலும் விதி விதிதான். சொந்தச் சாமான் பழுதானால் மறுபடி சுட விடமாட்டார்கள். "அது எதனால் பழுதானாலும்" என்று, தாடியைத் தட்டியபடி சொன்னார்.

போர்த்துக்கல் ஹெலனுக்குப் போயிற்று.

ஜெசிந்தா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, ஒவ்வொரு மகசீனையும் கழற்றி, காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் புட்டுத் தோண்டி எடுத்தாள். நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஒரு குச்சியை எடுத்தேன். அவள் பார்த்தாள். குச்சியைத் திரும்ப வைத்தேன்.

மாமிக்கு இந்த மௌனம் பொறுக்கவில்லை. கடதாசித் தட்டுகளை எடுத்து, மகசீன் படாத அடிப்புட்டாகப் பார்த்து எல்லோருக்கும் பரிமாறத் தொடங்கினார். குளிரில் நின்ற சனம் மறுக்கவில்லை. ஹெலன் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். கிரஹாம் எதையோ கடித்து, வாயிலிருந்து ஒரு வெள்ளைக் குண்டை எடுத்து, கவனமாக உருட்டிப் பார்த்து, பொக்கற்றில் போட்டுக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சிவப்பு விளக்கில் நின்றபோது ஜெசிந்தாவின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன்.

"அந்த அட்டை மனிசன்ரை நெத்தியிலை" என்றாள், மூச்சு முட்ட, "கறிவேப்பிலை!"

சிரித்தாள். நானும் சிரித்தேன். விளக்கு பச்சையாகி, பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தும் நாங்கள் சிரித்தோம். பிறகு அவளுடைய சிரிப்பின் சத்தம் மாறியது. அழுதுகொண்டிருந்தாள். அவள் போர்த்துக்கலுக்கு எவ்வளவு ஆசைப்பட்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் முழுக்க விளங்கியது.

"என்னை மன்னியும், ஜெசி" என்றேன்.

"வேறை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான்" என்றாள்.

பின்சீற்றிலிருந்து மாமி அவள் தோளைத் தடவினார். "அழாதை பிள்ளை. அடுத்த முறை நாங்கள் வேறை பெட்டியிலை வைப்பம்."

அடுத்த ஆண்டு அவள் அணிக்குத் தெரிவானாள். போனாள், வென்றாள், கழுத்தில் பதக்கத்தோடு திரும்பி வந்தாள். அந்த ஆண்டு முழுவதும் மகசீன்கள் இருந்த பக்கமே நான் போகவில்லை. கிளப்பில் ஒரு நாற்காலி காட்டியிருக்கிறார்கள், அதில் இருக்கிறேன். அங்கே என் பெயர் மிஸ்டர் புட்டு. புதிதாகச் சேருகிறவர்களிடம் கிரஹாம் பாதுகாப்பு விதிகளைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கைகாட்டுவார்.

வீட்டில் இந்தக் கதையை யார் சொல்வது என்று இன்றைக்கும் போட்டி. ஜெசிந்தா சொன்னால் நான் முட்டாள். அன்றைக்கு அங்கே வராத எங்கள் பிள்ளைகள் சொன்னால் நான் முட்டாள், புட்டு வெடிகுண்டு. மோர்டனில் பூசை முடிந்து கோயில் வாசலில் மாமி சொல்லும் கதையே வேறு. அதில் நல்ல குளிர். ஒரு பெரிய துவக்குப் போட்டி. மாமி பெட்டியைத் திறக்கிறார். வாசம் போகிறது. வெள்ளைக்காரர் எல்லாரும் துவக்கைக் கீழே போட்டுவிட்டு வந்து புட்டுச் சாப்பிடுகிறார்கள்.

"போட்டியையே நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட்டவங்கள்" என்று முடிப்பார். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் பக்கத்தில் நின்றாலும் திருத்துவதில்லை. அந்தக் கதையில் மட்டும்தான் நான் இல்லை.